முற்பதிப்பிற்கு மீளுதல்

நம் கல்லூரி நூல்நிலையத்தில் நூல் வழங்கும் மேசையின்மேல் ஒரு கணினி இருப்பதை மாணாக்கர் யாவரும் அறிவர். எந்நூல் எவர் கையில் உளது, எந்நாளில் அது திரும்பவேண்டும் என்னும் கணக்கெல்லாம் அதனுள்ளேயே அடங்கியிருக்கின்றன. சென்ற ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாளையொட்டி வந்த விடுமுறையில், சனிக்கிழமையன்று, அக்கணக்கை நடத்தும் மென்பொருள் மேம்படுத்தப்பட்டது. அடுத்த புதன்கிழமை மாலையிலேயே அது கைவிடப்பட்டுப் பழைய பதிப்பு மீண்டும் நிறுவப்பட்டது. இடைப்பட்ட நாள்களில் நிகழ்ந்தவை நம்முட் பலரைத் துன்புறுத்தின. பழைய பதிப்பு வந்தபின் நிகழ்ந்தவை அவற்றினும் மிகுதியாய்த் துன்புறுத்தின. புதியது பழுதாயிற்றென்றால் பழையதை எடுத்து வைத்துக்கொள்வதுதானே, இதில் என்ன தொல்லை என்று அப்பொழுது வினவினவர் பலர். அவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திங்கட்கிழமை காலையில் நூல்நிலையம் திறந்தபொழுது புதிய பதிப்பு பார்வைக்கு அழகாகவே இருந்தது. எழுத்துகள் பெரியனவாயும் நிறங்கள் கண்ணுக்கு இனியனவாயும் விளங்கின. விடுதியிலிருந்தபடியே கைப்பேசியில் நூற்பட்டியலைக் காணலாம் என்றும் கூறினர். முற்பகல் கழிவதற்குள் குறைகள் ஒவ்வொன்றாய்த் தலைகாட்டின. ஒரு நூலைப் பெற்றுக்கொண்டதாகப் பதிவதற்கு முன்னெல்லாம் இமைப்பொழுதே ஆகும். இப்பொழுதோ திரையில் ஒரு சிறு வட்டம் சுழன்றுகொண்டேயிருக்க, மேசையின்முன் நின்ற வரிசை வாயில்வரை நீண்டது. பார்கோடு படிக்கும் கருவி சில வேளைகளில் ஒரே நூலை இருமுறை பதிந்தது. எல்லாவற்றிற்கும் மேலாக, தமிழ் நூல்களுட் பலவற்றின் பெயர்கள் இருக்கவேண்டிய இடத்தில் வினாக்குறிகளே வரிசையாய் நின்றன. ஆங்கில நூல்களுக்கு இக்கேடு நேரவில்லை. தமிழ்ப் பகுதியை நாடிவந்த மாணாக்கர் ஒருவர் அத்திரையைக் கண்டு, நூல்நிலையமே நம்மைக் கேள்வி கேட்கின்றதே என்று நகைத்தார். நூலகர் நகைக்கவில்லை.

புதன்கிழமை மாலை, மென்பொருளை அளித்த நிறுவனத்தார் வந்து, சனிக்கிழமையன்று எடுத்து வைத்திருந்த பிரதியைக் கொண்டு பழைய பதிப்பை நிறுவினர். வியாழன் காலையில் திரை தன் பழைய சாம்பல் நிறத்தோடு தோன்றியதும் அனைவரும் பெருமூச்செறிந்தனர். அம்மகிழ்ச்சி ஒரு நாழிகைகூட நிற்கவில்லை. மீண்டு வந்தது சனிக்கிழமைக் கணக்கு. திங்கள், செவ்வாய், புதன் ஆகிய மூன்று நாள்களிற் கொடுத்ததும் வாங்கியதும் அதற்குத் தெரியா. ஆண்டிறுதியாதலின் அந்நாள்களில் திரும்பிவந்த நூல்கள் மிகப் பல. அவற்றைக் கொடுத்தவர்களுள் இறுதி வகுப்பினரும் பலர். நூல்நிலையத்தில் நிலுவை ஒன்றுமில்லை என்னும் சீட்டைப் பெற்றாலன்றி அவர்கட்கு மாற்றுச் சான்றிதழ் கிடையாது. கணினியோ, இவர் இன்னும் நூலைத் தரவில்லை என்று சாதித்தது. ஊருக்குப் போய்விட்ட மாணாக்கர் ஒருவர் ஓரிரவு முழுதும் பஸ்ஸிற் பயணஞ்செய்து திரும்பிவந்து, தாம் கொடுத்த நூலை அலமாரியில் தாமே தேடியெடுத்து மேசைமேல் வைத்துக் காட்டவேண்டியதாயிற்று.

பதிப்பு என்னும் சொல்லே இவ்விஷயத்தில் நம்மை ஓரளவு மயக்குகின்றது. அச்சு நூலொன்று இரண்டாம் பதிப்பாக வெளிவருங்கால், முதற்பதிப்பு நம் அலமாரியை விட்டு எழுந்து போய்விடுவதில்லை. இரண்டாம் பதிப்பு பிழை மலிந்ததாயின் அதனை ஒதுக்கிவிட்டு முதற்பதிப்பையே எடுத்துப் படிக்கலாம்; ஓரங்களில் நாம் எழுதிய குறிப்புகளும் அப்படியே இருக்கும். மென்பொருளின் பதிப்பு அத்தகையதன்று. புதியது வரும்பொழுது பெரும்பாலும் பழையது இருந்த இடத்திலேயே அமர்கின்றது. அம்மட்டோ! பழையது எழுதிவைத்த கணக்குகளையும் தன் முறைக்கேற்பத் திருத்தி எழுதிவிடுகின்றது.

மென்பொருள் வேறு, அது கையாளும் தரவு வேறு என்னும் பாகுபாட்டை ஈண்டு மனத்திற் கொள்ளுதல் வேண்டும். கணக்கப்பிள்ளை வேறு, அவர் எழுதும் பேரேடு வேறு அன்றோ? புதிய கணக்கப்பிள்ளை ஒருவர் வந்து, பழைய பேரேட்டின் கட்டங்கள் போதா என்று கருதி, எல்லாவற்றையும் தம் முறைப்படி வேறொரு பேரேட்டிற் பெயர்த்தெழுதிப் பழையதைக் கிழித்தெறிந்துவிடுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். சின்னாளில் அவரை விலக்கிப் பழையவரையே அழைக்கின்றோம். பழையவர் வருவார், அவர் திறமையில் யாதொரு குறைவுமில்லை, ஆனால் அவர்முன் விரித்து வைக்கப்பெற்ற பேரேடு அவருக்கு விளங்காது. கிழித்த பேரேட்டிற்கு நகலொன்று இருந்தால் அதனைக் கொடுக்கலாம். அதிலோ இடைப்பட்ட நாள்களின் வரவு செலவு இராது. நம் நூல்நிலையத்திற்கு நேர்ந்தது இதுவே. பழைய மென்பொருள் திரும்பிவந்தது. அம்மூன்று நாள்கள் திரும்பிவரவில்லை.

கணினியுலகில் இதற்கு எடுத்துக்காட்டுகள் மலிந்துள. வேர்டு 97 என்னும் பதிப்பில் எழுதி அதன் முறையிலேயே சேமித்த கோப்பை, அதற்கு முந்திய வேர்டு 95 தானாகத் திறக்கமாட்டாது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பு மீண்டும் கோப்பின் அமைப்பை மாற்றியது. பழைய பதிப்பை வைத்திருந்தோர் அக்கோப்புகளைத் திறப்பதற்கென்று தனியே ஓர் இணைப்பை நிறுவிக்கொள்ள நேர்ந்தது. முன்னோர் எழுதியதைப் பின்வந்தவர் கற்றுக்கொள்ளலாம். பின்வருவது இன்னதென்று முன்னோர் யாங்ஙனம் அறிவார்? பெருந்தரவுத்தளங்களிலும் இந்நிலையே. மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளை 5.7ஆம் பதிப்பிலிருந்து, 2018இல் வெளிவந்த 8.0ஆம் பதிப்பிற்கு உயர்த்தியபின் இறங்கிவர நேர்வழி இல்லை. உயர்த்துமுன் எடுத்த காப்புப் பிரதியை மீட்டமைப்பதே வழி என்று அதன் கையேடே கூறுகின்றது. போஸ்ட்கிரெஸ் என்னும் மற்றொன்றில், காலத்தையும் இடத்தையும் மிச்சப்படுத்தும் பொருட்டு, பழைய தரவுக் கோப்புகளையே புதிய பதிப்பும் பகிர்ந்துகொள்ளும் முறை ஒன்று உண்டு. அம்முறை மிக விரைவானது. ஆயினும் புதிய பதிப்பை ஒருமுறை இயக்கிவிட்டால், அதன்பின் பழைய பதிப்பை அத்தரவின்மேல் இயக்குதல் தகாது. புதிய திராட்சரசத்தையும் பழந்துருத்தியையும் பற்றி வேதபாட வகுப்பிற் கேட்டிருக்கும் நமக்கு இது முற்றிலும் புதுமையன்று.

வினாக்குறிகளின் கதை இன்னும் வருந்தத்தக்கது. கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண்ணே தெரியும். யூனிகோடு என்னும் பொதுமுறையில் தமிழ் அகரத்திற்கு உரிய எண் 2949. ககரத்திற்கு உரியது 2965. தரவை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பெயர்க்கும்பொழுது, பெயர்ப்பவர் கவனக்குறைவால், ஆங்கில எழுத்துகளும் அவற்றையொத்த சிலவுமே அடங்கிய ஒரு பழைய அட்டவணையைக் குறித்துவிட்டால், தமிழெழுத்துகளுக்கு அதில் இடமிராது. இடமில்லாத எழுத்து வரும்பொழுதெல்லாம் மென்பொருள் அதற்கு மாறாக ஒரு வினாக்குறியை எழுதிச் செல்லும். வினாக்குறியின் எண் 63. ஒரு நூலின் பெயர் முழுதும் 63, 63, 63 என்று ஆகிவிட்டபின், அவற்றுள் எது அகரமாயிருந்தது, எது ககரமாயிருந்தது என்று எவராலும் கூறவியலாது. எழுத்தே அழிந்தது.

இதனோடு ஒப்பத் தோன்றும் வேறொரு குறை உண்டு. சில கணினிகளில் தமிழ்ப்பெயர்கள் சிறுசிறு கட்டங்களாகக் காணப்படும். ஆங்கே உள்ளிருக்கும் எண் பெரும்பாலும் பழுதுறாதிருக்கும். அதனை வரைந்து காட்டுதற்குரிய எழுத்துரு அக்கணினியில் இல்லாமையே காரணம். தக்க எழுத்துருவை நிறுவினால் பெயர் அக்கணமே மீளும். ஆதலின் கட்டங்களைக் கண்டு அஞ்சவேண்டா. வினாக்குறிகளைக் கண்டாலோ உடனே வேலையை நிறுத்திவிடுதல் நலம். திங்கட்கிழமை காலையிலேயே இதனை ஒருவர் நம் நூலகர்க்குச் சொல்லியிருந்தால் மூன்று நாள் இழப்பு மூன்று மணி நேர இழப்பாகச் சுருங்கியிருக்கும்.

இதுகாறும் கூறியது ஒரு சிறு நூல்நிலையத்தில் நிகழ்ந்தது. மீளுதலின் இடர் ஒரு பெரிய பாங்கிற் புகுந்தால் என்னாகும் என்பதற்கு, பிரிட்டனில் 2012ஆம் ஆண்டு நிகழ்ந்தது சான்று.

ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து குழுமத்தில் அப்பாங்கோடு நாட்வெஸ்ட், அல்ஸ்டர் பாங்க் என்பனவும் அடங்கியிருந்தன. பகலெல்லாம் நடக்கும் கொடுக்கல் வாங்கல்களிற் பெரும்பகுதி, இரவில், ஒன்றன்பின் ஒன்றாகக் கோவைப்படுத்திய பல பணிகளாற் கணக்கில் ஏற்றப்படுவது அங்குள்ள வழக்கம். சம்பளத்தை வரவு வைத்தபின்னரே கடன் தவணையைக் கழிக்கவேண்டும். இவ்விரண்டும் முடிந்த பின்னரே மீதத்தைக் காணவேண்டும். எது முன், எது பின் என்று ஆணையிடுவதற்கென்றே ஒரு மென்பொருள் உண்டு. தொழிற்சாலை மேஸ்திரியைப் போன்றது அது. தான் எப்பொறியையும் சுழற்றாது, தானின்றி எப்பொறியும் சுழலாது. அம்மேஸ்திரியைத்தான் 2012 ஜூன் 17ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மேம்படுத்தினர்.

மறுநாளே சில மாறுபாடுகள் தென்பட்டன. தொழில்நுட்பப் பிரிவினர், புதியதை நீக்கிப் பழைய பதிப்பிற்கு மீள்வது என்று தீர்மானித்தனர். இத்தீர்மானத்தில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நாமும் அவ்விடத்தில் இருந்தால் அதையே செய்திருப்போம். ஆனால் மீண்டால் என்ன விளையும் என்பதை அவர்கள் முன்னதாகச் சோதித்துப் பார்க்கவில்லை. புதிய பதிப்பும் பழைய பதிப்பும் ஒன்றோடொன்று பொருந்தாதன என்பதும் அவர்கட்குத் தெரிந்திருக்கவில்லை. மீட்சி நடந்தது, இரவுப் பணிகளின் கோவை அறுந்தது. ஓரிரவின் பணி முடியாது நிற்க, அதன்மேற் கட்டப்படவேண்டிய மறுஇரவின் பணியும் நின்றது. இரவுக்கு உள்ள மணிநேரம் எஞ்ஞான்றும் ஒன்றே. தேங்கிய வேலையோ நாடோறும் பெருகியது.

இதனால் அல்லலுற்ற வாடிக்கையாளர் பிரிட்டனில் மட்டும் 65 இலட்சத்திற்கு மேற்பட்டோர் என்று அந்நாட்டு நிதி நெறிப்பாட்டு ஆணையத்தார் கண்டனர். தம் கணக்கில் எவ்வளவு உளது என்பதை ஏ.டி.எம். பொறியில் சரியாக அறிய இயலாதோர், வீட்டுக்கடன் தவணையை உரிய நாளிற் செலுத்த இயலாதோர், வெளிநாடு சென்ற இடத்தில் கையிற் காசின்றித் தவித்தோர், தம்மிடம் வேலை செய்வோர்க்குச் சம்பளம் கொடுக்க இயலாத நிறுவனத்தார் என்று பல திறத்தார் அவர்களுள் இருந்தனர். அல்ஸ்டர் பாங்கின் வாடிக்கையாளர்க்கு இவ்வல்லல் ஜூலை மாதத்திலும் தொடர்ந்தது. 2014 நவம்பரில் அவ்வாணையத்தார் 4 கோடியே 20 இலட்சம் பவுனும், மற்றொரு மேற்பார்வை அமைப்பினர் 1 கோடியே 40 இலட்சம் பவுனும் அக்குழுமத்தின்மேல் அபராதமாக விதித்தனர். ஈண்டு நாம் உற்று நோக்கவேண்டியது ஒன்றுண்டு. மேம்படுத்தலிற் குறை இருந்தது உண்மையே. ஆயினும் குறை பெருங்கேடாய் முற்றியது அதினின்று மீண்டபொழுதேயாம்.

அதே 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்னும் பங்குத் தரகு நிறுவனத்தில் இன்னும் விந்தையான ஒன்று நிகழ்ந்தது. பங்குகளை வாங்கவும் விற்கவும் ஆணை பிறப்பிக்கும் புதிய மென்பொருளை எட்டுச் சர்வர்களில் நிறுவவேண்டியிருக்க, ஏழில் நிறுவிவிட்டு எட்டாவதை மறந்தனர். பல ஆண்டுகளாய்ப் பயனின்றிக் கிடந்த ஒரு பழைய நிரல் அந்த எட்டாவதில் அப்படியே உறங்கிக்கொண்டிருந்தது. புதியதை எழுப்புதற்கென்று அமைத்த குறியோ, முன்னர் அப்பழையதை எழுப்புதற்குப் பயன்பட்ட அதே குறி. சந்தை திறந்ததும் அஃது எழுந்து, வரையறையின்றி ஆணைகளைப் பிறப்பிக்கலாயிற்று. பழுதைத் தேடித் திகைத்த பணியாளர், புதிய மென்பொருளே காரணம் என்று எண்ணி, அது செவ்வனே அமைந்திருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதனை நீக்கினர்! ஒன்றில் மட்டும் விழித்திருந்த பழைய நிரல் பிறவற்றிலும் விழித்துக்கொண்டது. 45 நிமிஷத்திற்குள் 40 இலட்சத்திற்கு மேற்பட்ட வாணிகங்கள் நடந்தேறின. நிறுவனத்தார்க்கு நேர்ந்த நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல். பழையது என்பதனாலேயே ஒன்று நமக்குத் தெரிந்ததாகிவிடாது என்பதை அவர்கள் அன்று கற்ற விலை அது.

மேம்படுத்துவோரின் நல்லெண்ணமே கேடாய் முடிவதும் உண்டு. விண்டோஸ் 10 மென்பொருளின் 1809ஆம் பதிப்பு 2018 அக்டோபர் 2ஆம் நாள் வெளிவந்தது. கணினியில் ஆவணங்கள் முதலியவற்றை வைக்கும் கோப்புறைகளைச் சிலர் வேறு தட்டிற்கு மாற்றி வைத்துக்கொள்வர். முந்திய பதிப்பு, அத்தகையோர் கணினியில் பழைய இடத்திலும் அதே பெயருடன் வெறுங்கோப்புறைகளை உண்டாக்கிவிட்டது. அவை எற்றுக்கு என்று பலர் முறையிட்டனர். அம்முறையீட்டிற்குச் செவிசாய்த்து, புதிய பதிப்பு அவ்விரட்டைக் கோப்புறைகளைத் துடைத்தெறியும்படி அமைத்தனர். பழைய இடத்திலிருந்த எல்லாக் கோப்புறைகளும் வெறுமையானவை அல்ல. சிலர் தம் கோப்புகளை அங்கேயே விட்டுவைத்திருந்தனர். துடைப்பம் இரண்டையும் ஒன்றாகவே பெருக்கிற்று. முறையிட்டோர் பதினாயிரத்தில் ஒருவரே என்று மைக்ரோசாப்ட் கூறியது. ஆயினும் அவ்வொருவர்க்கு அழிந்தது பல ஆண்டு நிழற்படங்களாகவோ எழுதிமுடித்த ஆராய்ச்சியாகவோ இருக்கலாமன்றோ? சில நாள்களில் அப்பதிப்பை வழங்குதல் நிறுத்தப்பட்டுத் திருத்திய வடிவம் நவம்பர் 13ஆம் நாள் மறுபடி வெளிவந்தது. வெளியிடுமுன்னரே சோதித்துப் பார்த்த அன்பர் சிலர் இக்குறையை எழுதியனுப்பியிருந்தனர் என்பதும், குவியலாய் வந்த பிற குறிப்புகளுக்கிடையே அது கவனிக்கப்படாது போயிற்று என்பதும் பின்னர்த் தெரியவந்தன.

விருப்பத்தாலேயே மீண்டவர் கதை வேறு. அதனைச் சுருங்கக் கூறுவாம். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி-யிற் பழகியவர்க்கு, 2007 ஜனவரியில் வந்த விஸ்டா பிடிக்கவில்லை. பழைய அச்சுப்பொறிகள் அதனோடு இணங்க மறுத்தன. கணினிகள் தளர்நடை நடந்தன. எதைத் தொட்டாலும் அனுமதி கேட்டு ஒரு கட்டம் முன்வந்து நின்றது. விஸ்டாவின் சில உயர்வகைகளை வாங்கினோர் எக்ஸ்பி-க்கு இறங்கிக்கொள்ளலாம் என்று உரிமையும் வழங்கப்பட்டது. புதியதற்குப் பணங்கொடுத்துப் பழையதைப் பெற்றுச் சென்றனர். இப்பொழுது விண்டோஸ் 11இற்கு மாறுவோர்க்கு, பழைய பதிப்பு ஒரு தனிக் கோப்புறையிற் பத்து நாள்வரை காத்துவைக்கப்படுகின்றது; அதற்குள் மனம் மாறினால் மீளலாம். பத்தாம் நாள் கழிந்தபின் அக்கோப்புறை அழிக்கப்படும், கதவு மூடிவிடும். இப்பத்து நாள் கணக்கை அறியாது, தேர்வு முடியட்டும் பார்ப்போம் என்றிருந்து ஏமாந்த மாணாக்கர் நம்முள்ளும் இலர் என்பதற்கில்லை. ஆப்பிள் நிறுவனத்தார் கதவை வேறு வகையாற் பூட்டுகின்றனர். ஐபோனில் எப்பதிப்பை நிறுவுவதாயினும் அவர்தம் சர்வர் ஒப்பமிடல் வேண்டும்; புதியது வந்து சிறிது காலம் சென்றதும் பழையதற்கு ஒப்பமிடுதல் நிறுத்தப்படும். 2014 செப்டம்பர் 24ஆம் நாள் வந்த ஐஓஎஸ் 8.0.1 சில ஐபோன்களைத் தொலைபேசித் தொடர்பே அறச் செய்தபொழுது, பழைய ஒப்பம் அப்பொழுதும் செல்லுபடியானமையால் அவர்கள் 8.0இற்கு மீள முடிந்தது.

இங்ஙனம் கதவைப் பூட்டுவானேன் என்று சினப்பவர் ஒன்றை எண்ணல் வேண்டும். மென்பொருளில் ஒரு பாதுகாப்புக் குறை கண்டு திருத்தம் வெளியிடும்பொழுது, அத்திருத்தமே கள்வர்க்கு வழிகாட்டியாகின்றது. எங்கே சுவர் பூசப்பட்டது என்று பார்த்தால் எங்கே ஓட்டை இருந்தது என்பது விளங்குமன்றோ? பழைய பதிப்பிற்கு மீண்டவர் பூசப்படாத சுவரோடு குடியிருக்கின்றார். எக்ஸ்பி-க்கு உரிய ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் நாளும், விண்டோஸ் 10இற்கு உரிய வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளும் முடிவுற்றன. ஆகவே மேம்படுத்தலே வேண்டா என்று இருப்பாரை நாம் ஆதரிக்கவில்லை. நம் நூலகரும் வேடிக்கைக்காக அம்மேம்படுத்தலைச் செய்யவில்லை. பழையதற்கு ஆதரவு நின்றுவிடும் என்று நிறுவனத்தார் எழுதியிருந்தமையே காரணம்.

பாரதத்து அபிமன்யு சக்கர வியூகத்துட் புகும் வகை அறிந்திருந்தான். வெளிவரும் வகை அறிந்திலன். மேம்படுத்தும் வேலையில் தேர்ந்தவர்கள் இவ்விரண்டாவதற்கே முதலிடம் தருகின்றனர். காப்புப் பிரதி எடுத்தல் அனைவரும் அறிந்ததே. எடுத்த பிரதியை வேறொரு கணினியில் மீட்டமைத்து அது உயிர்பெறுகின்றதா என்று பார்த்தலை மட்டும் பலர் செய்வதில்லை. திறந்து பாராத காப்புப் பிரதி நம்பிக்கைக்குரியதேயன்றிக் காப்புக்குரியதன்று. இன்ன மணிக்குள் இன்னின்ன செவ்வனே நடவாவிடின் மீள்வோம் என்று முற்படவே எழுதிவைத்தலும் நன்று. இன்னும் சற்றுப் பார்ப்போம், இன்னும் சற்றுப் பார்ப்போம் என்று கழியும் ஒவ்வொரு மணியும் புதிய பேரேட்டில் வரவு செலவைப் பெருக்கி மீளும் வழியை நீளச் செய்கின்றது. இயலுமாயின் சிலநாள் பழைய முறையிலும் புதிய முறையிலும் இரட்டைக் கணக்கு வைத்தல் மிகச் சிறந்தது. அதற்குரிய ஆளும் பொழுதும் எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. குறைந்த அளவு, மேம்படுத்திய முதல் வாரத்தில் நடப்பவற்றைக் காகிதத்திலும் குறித்து வைக்கலாம்.

நம் நூல்நிலையத்தைக் காத்தது ஏறத்தாழ அத்தகைய காகிதமே, அதுவும் தற்செயலாக. நூல் வழங்கும் மேசையில் நெடுநாளாகப் பணிபுரியும் உதவியாளர் ஒருவர், கணினி வருவதற்கு முன்னிருந்த பழக்கத்தை விடாது, அன்றன்று திரும்பிவந்த நூல்களின் எண்களை ஒரு கோடிட்ட நோட்டில் பென்சிலாற் குறித்து வந்தார். இரட்டை வேலை என்று அதனைப் பலர் கேலி செய்ததுண்டு, நாமும் செய்ததுண்டு. மூன்று நாளைய எண்களும் அந்நோட்டில் இருந்தன. இறுதி வகுப்பு மாணாக்கர் நால்வர் ஒருவர்பின் ஒருவராய் எண்களைப் படிக்க, உதவியாளர் கணினியில் மீண்டும் பதிந்தார். இரண்டு நாள் ஆயிற்று. யாருக்குக் கொடுத்தது என்பது நோட்டில் இல்லாமையால், அம்மூன்று நாள்களில் வெளியே சென்ற நூல்களின் கணக்கு மட்டும் நேராகவில்லை. அவற்றுட் சில இன்றும் எவர் அறையிலோ இருத்தல் கூடும். இவ்வாண்டு மே மாதத்தில், மாணாக்கர் இல்லாத விடுமுறையில், புதிய பதிப்பு தனியே வேறொரு கணினியில் நிறுவப்பட்டு, தமிழ் நூற்பெயர்கள் முதலிற் சோதிக்கப்பட்டன. நோட்டு இன்னும் மேசைமேலேயே இருக்கின்றது.